எல்லோருக்கும் ஒரு புள்ளி

இணைப்பு மறுக்கப்பட்டது என்று திரையில் மறுபடியும் வந்தபோது தணிகாசலத்துக்கு அடிவயிற்றில் சின்னதாக ஒரு சந்தோஷம் கிளம்பியது, கிளம்பின வேகத்திலேயே அவர் அதைப் பார்த்துவிட்டார், பார்த்ததும் அது எங்கோ ஒளிந்துகொண்டது, ஆனால் வந்தது வந்ததுதான், இல்லையென்று சாதிக்க முடியாது. மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் ரேவந்த் உச்சுக்கொட்டுவது கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் புது மென்பொருள் விற்ற கம்பெனியின் ஆள், சென்னையில் தன் வீட்டில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்க்கிறான், பின்னால் யாரோ மிக்ஸி ஓட்டுகிறார்கள். “சார், உங்க சர்வர் என்னைய உள்ளயே விட மாட்டேங்குது. வாசல்ல ஆள் கீள் நிறுத்தி வச்சிருக்கீங்களா?” என்று சிரித்தான். தணிகாசலமும் சிரித்தார். சிரித்த சத்தம் அந்தச் சின்ன அறையில் ஏசியின் இரைச்சலோடு கலந்து தனக்கே வேறு யாரோ சிரித்ததுபோலக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, வெளியே திருச்சி வெயில் மண்டையைப் பிளக்கும், இங்கே எக்ஸ்ரே அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட இந்த சர்வர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற ஒரே ஆம்பளை இந்த ஊரில் நீங்கதான் என்று மங்கை சொல்வாள், சொல்லும்போது அவள் முகத்தில் கேலி இருக்கும், இப்போதெல்லாம் கேலி போய் வெறும் தகவல் மாதிரிச் சொல்கிறாள், கட்டின பெண்டாட்டி கேலி பண்ணுவதை எப்போது நிறுத்துவாள் என்று யோசித்தால் வேறு எங்கோ போய் நிற்கும், யோசிக்க வேண்டாம், திரையைப் பார். மறுக்கப்பட்டது. ஏன் மறுக்கப்பட்டது என்று அவருக்கு முதல் தடவையே தெரியும். ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் உள்ளே வரலாம் என்று பழைய சர்வருக்குக் கணக்கு வைத்ததே அவர்தான். சனிக்கிழமை கவுண்டரை மூடும்போது ரிசப்ஷன் பெண்களும் மருந்தகத்துப் பையன்களும் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள், உள்ளே புரோகிராம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன் மாதிரி, சீட்டு முழுக்கத் துண்டு, ஆள் ஒருத்தரும் இல்லை, நின்றுகொண்டிருக்கிறவனுக்கு மட்டும் இடமில்லை. துண்டுகளை எடுத்து எறிய அவருக்கு ஒரு வரி தட்டினால் போதும். தட்டவில்லை. இப்போது இரண்டாவது தடவையும் மறுத்துவிட்டது, இன்னும் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று யாராவது கேட்டால் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம், கேட்க யாரும் இல்லை, கேட்கிற ஆள் அவர்தான், அவருக்கு அந்தப் பதில் போதவில்லை.

“ரேவந்த், கவுண்டர் மெஷினெல்லாம் பிடிச்சு வச்சிருக்குப்பா. இருங்க, விடுவிக்கிறேன்” என்று சொல்லி வரியைத் தட்டினார், பழைய சர்வரின் பச்சை விளக்கு படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. “சூப்பர் சார், இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றான் அவன், சாதாரணமாகத்தான் சொன்னான், குத்தலாகச் சொல்லவில்லை, சொல்லவில்லையா? முதல்லயே. அந்த வார்த்தை ஏன் முள் மாதிரி நிற்கிறது. ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பழைய சர்வரிலிருக்கிற நோயாளிகளின் விவரம் முழுக்க மும்பைப் பக்கம் எங்கேயோ இருக்கிற புது சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததும் இதை அணைத்துவிடுவார்கள், இதை அணைக்கிற வாரத்தோடு தணிகாசலத்தின் ஒப்பந்தமும் முடிகிறது, புதியதைப் பார்த்துக்கொள்ள இங்கே ஒருத்தர் உட்கார வேண்டிய அவசியமில்லை. அது இந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவரிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேன்டீனில் வைத்து நிர்வாக மேலாளர் ஸ்டான்லி, பக்கத்தில் இரண்டு டாக்டர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “நம்ம தணிகாசலம் சாருக்கு அந்தப் பழைய டப்பா மேல கள்ளக்காதல்யா, பிரிச்சு வச்சா பாவம் வரும்” என்று சொன்னார், டாக்டர்கள் சிரித்தார்கள், இவரும் சேர்ந்து சிரித்தார், தட்டில் சாம்பார் இட்லியின் ஓரத்தைச் சுற்றி வட்டமாக நின்றதை இப்போதும் பார்க்க முடிகிறது. அதற்கப்புறம் அவர் எது சொன்னாலும் அது கள்ளக்காதலனின் பேச்சாகிவிட்டது. போன மாதக் கூட்டத்தில் சொன்னார், புது மென்பொருளில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அது காலியாக இருந்தால் ஆளையே ஏற்காது, நம் ஊரில் யாருக்குக் கடைசிப் பெயர் இருக்கிறது, இனிஷியல்தானே இருக்கிறது என்று. எல்லோரும் ஒரு நிமிடம் தங்கள் தங்கள் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஸ்டான்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரேவந்த்தான் வழி கண்டுபிடித்தான், “இனிஷியல நடுப்பெயர்னு ஒரு கட்டம் இருக்கு, அங்க தள்ளிடுவோம் சார். கடைசிப் பெயர்ல எல்லாருக்கும் ஒரு டாட் வச்சிடுவோம். இனிமே திருச்சி ஜில்லாவே ஒரே ஃபேமிலி.” அறையே சிரித்தது. தணிகாசலம் சிரிக்கவில்லை, அன்றைக்குச் சிரித்திருக்கலாமோ, அன்றைக்குச் சிரித்திருந்தால் இன்றைக்குச் சொல்வதைக் கேட்பார்களோ, மனுஷன் எப்போது சிரிக்க வேண்டும் எப்போது சிரிக்கக் கூடாது என்பதை இந்த வயதிலும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறோமே என்று தோன்றியது.

எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊர் ஊராகப் போகிறார்கள், மணப்பாறை, துவரங்குறிச்சி, முசிறி, குளித்தலை, லால்குடி, காய்ச்சலோடு வந்தவர்கள், கால் உடைந்து வந்தவர்கள், பிள்ளை பெற வந்தவர்கள், எல்லோரும் தலையில் ஒரு புள்ளியோடு கம்பி வழியாக வரிசையில் போகிறார்கள், யாருக்கும் தாங்கள் போவது தெரியாது, இந்த நேரம் கறிக்கடையில் நிற்பார்கள், துணி துவைப்பார்கள். போகட்டும். நம்மையும் ஒரு வரியாகப் போட்டு அனுப்பினால் எங்கே போய்ச் சேருவோம், எந்தக் கட்டம் காலி என்று திருப்பி அனுப்புவார்கள். ஐம்பத்துநாலு வயது என்பது வேலை கொடுக்கிறவன் கண்ணில் எப்படித் தெரியும் என்று அவருக்குத் தெரியும், அவரே ஆள் எடுத்திருக்கிறார், தாளை மேலோட்டமாகப் பார்த்து வயதில் கண் நின்றதும் கை தானாக அடுத்த தாளுக்குப் போகும். “சார், டூப்ளிகேட் மெர்ஜ் ஓடுது, பார்த்துக்கிட்டு இருங்க” என்றான் ரேவந்த், மிக்ஸி நின்றுவிட்டிருந்தது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடும் வேலை அது. பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், இந்த நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிடும், நடுப்பெயரைப் பார்க்காது. கடைசிப் பெயர் எப்போதும் ஒத்துப்போகும், எல்லோருக்கும் புள்ளி. பிறந்த தேதி? தேதி தெரியாது என்று சொல்கிறவர்களுக்கெல்லாம் ரிசப்ஷனில் ஜனவரி ஒன்று போட்டு வருஷத்தை மட்டும் குத்துமதிப்பாக மாற்றுவார்கள், இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். போன் நம்பர் வீட்டுக்கு ஒன்று, மாமனார் பையில் இருப்பது. இதெல்லாம் அவருக்குத் தனித்தனியாகத் தெரிந்த விஷயங்கள்தான், இத்தனை வருஷமாகத் தெரிந்தவை, இந்த நிமிடம் வரைக்கும் மூன்றையும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒட்டப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்தார், கீழே இறக்கினார், இறக்க இறக்கத் தீரவில்லை, எங்கேயோ நிறுத்தினார், சகாயமேரி என்றிருந்தது. எஸ். சகாயமேரி, ஏ. சகாயமேரி. ஒரே வீடு, ஒரே போன், ரிசப்ஷனில் குத்துமதிப்பாகப் போட்ட ஒரே பிறந்த வருஷம், மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஊர், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வாக்கப்பட்ட இரண்டு பெண்கள், ஒருத்தி புருஷன் சூசை, இன்னொருத்தி புருஷன் ஆரோக்கியம், புருஷன் பெயரின் முதல் எழுத்து ஒன்றுதான் இரண்டு பேரையும் பிரித்துவைத்திருந்தது, அது போய் நடுக் கட்டத்தில் ஒளிந்துகொண்டது. இப்போது ஒரே சகாயமேரி. மூத்தவள், சூசை பெண்டாட்டி, அவள் பதிவில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பில் இருந்தது, முன்னே ஒரு தடவை ஊசி போட்டு மூச்சு முட்டிப் போனவள். இளையவள் போன வாரம் காய்ச்சலுக்கு வந்தபோது ஒவ்வாமை இல்லை என்று அடித்திருக்கிறார்கள். கடைசியாக வந்த பதிவுதான் செல்லும் என்பது விதி. ஆகவே இல்லை. மூத்தவளுக்கு நாளைக் காலை பித்தப்பைக் கல் ஆபரேஷன், அதற்கு முன்னால் புண் சீழ் பிடிக்காமலிருக்கப் பெனிசிலின் வகை ஊசி ஒன்று போடுவார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, உடனே சொல்ல வேண்டியதுதானே, ஆனால் கை போனை எடுக்காமல் மேசைமேல் கிடந்தது, ஒரு வினோதமான காரணத்துக்காக. வேண்டுமென்றே தேடினாயா? என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அது ஸ்டான்லியின் குரல் மாதிரியும் இருந்தது, மங்கையின் குரல் மாதிரியும் இருந்தது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்றைக்கே சுவர் மூலையில் ஈரம் இருக்கிறது என்று சொன்ன ஆள், சம்பந்திவீட்டார் முன்னால் பத்திரிகையில் பிழை கண்டுபிடித்த ஆள், “எதுக்கெடுத்தாலும் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்” என்று அவள் சொன்னபோது ஓட்டை இருக்கே என்று பதில் சொன்னார், அவள் அழுதாள், ஓட்டை இருந்தது உண்மைதான், சுவர் அந்த மழைக்கே உப்பிப்போனது, ஆனால் அவள் அழுததும் உண்மை. இப்போது இந்த மெர்ஜ் நின்றால் மாற்றம் தள்ளிப்போகும், மாற்றம் தள்ளிப்போனால் நாற்காலி நிற்கும். சகாயமேரி பிழைப்பதும் தன் நாற்காலி பிழைப்பதும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன, ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் வரும். இவர் எதை இழுக்கிறார் என்று யார் கண்டது. இவருக்கே தெரியுமா? அந்தச் சின்னச் சந்தோஷம் வந்ததே, அது யாருக்காக வந்தது, அப்போது சகாயமேரி என்று ஒருத்தி இருப்பதே தெரியாதே. பட்டியலைப் பார்த்த கணத்தில் முதலில் வந்தது பயமா, அல்லது கிடைத்தது என்கிற ஒரு ஆவலா. நினைவை எத்தனை தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தாலும் அந்தக் கணம் மட்டும் மசமசவென்று கலங்கலாக இருந்தது. சீ, ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது, இங்கே உட்கார்ந்து மனசைச் சலித்துக்கொண்டிருக்கிறாய். அறுவை அறைக்கு உள்போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி நர்ஸ், குரல் சின்னதாக இருந்தது. விஷயத்தைச் சொன்னார். “நாளைக்கு கேஸா சார்? இன்னும் அட்மிட் ஆகலையே. நாளையிலருந்து பேப்பர் கிடையாதுன்னு சர்க்குலர் வந்துருக்கு, எல்லாம் சிஸ்டம்தான். நீங்க சிஸ்டம்ல ஏத்தி விட்டுருங்க சார், காலைல சிஸ்டர் பாத்துக்குவாங்க.” “சிஸ்டம்ல தப்பா இருக்கும்மா, அதத்தான் சொல்றேன்.” “அப்ப சரி பண்ணிருங்க சார்” என்றாள், அவளைக் குறை சொல்ல முடியாது. புது சர்வரில் அவருக்குப் பார்க்கத்தான் உரிமை, எழுத உரிமை இல்லை, ரேவந்த்துக்கும் கம்பெனி மேலிடம் சொல்லாமல் கை வைக்க உரிமை இல்லை, மேலிடத்துக்கு ஸ்டான்லி சொல்ல வேண்டும். ஸ்டான்லிக்கு யார் சொல்ல வேண்டும். ஸ்டான்லிக்குக் கள்ளக்காதலன் சொல்ல வேண்டும்.

போன் எடுத்தபோது அந்தப் பக்கம் குழந்தைகள் சத்தமும் தட்டு வைக்கிற சத்தமும், கோயிலிலிருந்து வந்து பிரியாணிக்கு உட்கார்ந்திருப்பார். தணிகாசலம் முதலிலிருந்து சொன்னார், இனிஷியல், புள்ளி, ஜனவரி ஒன்று, மாமனார் போன், சொல்லச் சொல்லத் தன் குரல் கெஞ்சுவது தெரிந்தது, கெஞ்சாமல் சொல்லப் பார்த்தார், அப்போது மிரட்டுவது மாதிரிப் போனது, நடுவில் ஒரு குரல் இருக்க வேண்டும், அது அவருக்கு அகப்படவே இல்லை. ஸ்டான்லி முழுக்கக் கேட்டார், அதுதான் கொடுமை, நடுவில் ஒரு தடவைகூட வெட்டவில்லை. கேட்டுவிட்டு வெளியே நடந்து வந்தார் போல, குழந்தைகள் சத்தம் தூரத்துக்குப் போனது. “தணிகாசலம் சார், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. எங்கப்பாவும் ரிட்டயர்ட் ஆகறப்ப இப்படித்தான். எனக்குப் புரியுது சார். மூணு மாசம் எக்ஸ்டென்ஷன் போட்டுத் தர்றேன், சேர்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். அதுக்காக இப்படியெல்லாம் ஒரு பொம்பள உயிரு, ஊசி, அது இதுன்னு... நேராவே கேட்டிருக்கலாமே சார் என்கிட்ட.” “நான் அதுக்காகச் சொல்லல சார்.” “சரி, சரி. அதுக்காக இல்ல. மெர்ஜெல்லாம் போன வாரமே டெஸ்ட்ல பாஸ் ஆனதுதான். நீங்க போய்ச் சாப்பிடுங்க முதல்ல.” போன் வைக்கப்பட்டது. அப்போது நடந்ததுதான் தணிகாசலத்தால் பிறகு எப்போதும் தாங்க முடியாமல் போனது. மூணு மாசம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மார்பில் ஏதோ ஒன்று தளர்ந்து மூச்சு ஆழமாக, சுகமாக, உள்ளே போனது. அவர் இழுக்கச் சொல்லாத மூச்சு. தீபாவளி தாண்டிவிடும் என்று ஒரு கணக்கு தன்பாட்டுக்கு ஓடியது. மங்கையிடம் சாயங்காலம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது. சகாயமேரியை வைத்துப் பேரம் பேசியாகிவிட்டது, நான் பேசவில்லை, ஆனால் பேரம் படிந்துவிட்டது, சரக்கும் கைக்கு வந்துவிட்டது. எழுந்து நின்றார். அறையில் நடக்க இடம் கிடையாது, திரும்பி நின்றார், திரும்பவும் திரும்பினார். இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எந்த உண்மையைச் சொன்னாலும் அது நாற்காலியின் வாயிலிருந்துதான் வரும். அப்படியானால் நாற்காலியை விட்டு இறங்கிச் சொன்னால்? இறங்கினவன் பேச்சில் என்ன லாபம் இருக்க முடியும், அதையாவது நம்புவார்கள் அல்லவா, நம்பித்தானே ஆக வேண்டும். யோசனையில் ஒரு தெளிவு வந்தது, அந்தத் தெளிவின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது, இது கோபமாக இருக்கலாம், ரோஷமாக இருக்கலாம், பார் நான் எப்படிப்பட்டவன் என்று ஸ்டான்லிக்குக் காட்டுகிற ஆட்டமாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும், இனி மனசைச் சலிக்க நேரமில்லை என்று ஸ்டான்லிக்கு வாட்ஸப்பில் விரல் தட்ட ஆரம்பித்தது. எனக்கு நீட்டிப்பு வேண்டாம். இன்றோடு வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன். இனி எனக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை. தயவுசெய்து மெர்ஜை நிறுத்தி, ஒட்டினதைப் பிரிக்கச் சொல்லுங்கள், நாளைக் காலைக்குள். அனுப்பினார். இரண்டு நீலக் கோடுகள் உடனே வந்தன. பதில் வர நேரமானது, அந்த நேரம் முழுக்க ஒரு குழந்தைத்தனமான நம்பிக்கை அவரை நாற்காலியின் நுனியில் உட்கார வைத்திருந்தது. கும்பிடுகிற கை இரண்டு வந்தது. கீழே, வருத்தமாகத்தான் இருக்கிறது சார், உங்கள் விருப்பம், இத்தனை வருட சேவைக்கு நன்றி, நிம்மதியாக ஓய்வெடுங்கள். மெர்ஜைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

ரேவந்த் கூப்பிட்டான், இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை, காதில் வைத்துக்கொண்டார். “சார், என்ன சார் இது, ரிசைன் பண்ணிட்டீங்களாமே, ஸ்டான்லி சார் மெசேஜ் போட்டாரு.” “ஆமாப்பா. ரேவந்த், அந்த மெர்ஜ்ஜு...” “அது ஓடி முடிஞ்சிருச்சு சார். சக்சஸ். நீங்க நர்ஸ்கிட்ட சொன்னது லைன்ல கேட்டுச்சு, எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு, திங்கட்கிழமை ஒரு கம்ப்ளெயிண்ட் டிக்கெட் போட்டு வைக்கிறேன், மேல பாப்பாங்க.” “திங்கட்கிழமை காலைல ஆபரேஷன்யா.” அவன் குரலைத் தாழ்த்தி, “சார், தப்பா நினைக்காதீங்க, வேலைய விட்டவங்க லாகின உடனே கட் பண்ணணும்னு ரூல். என்னையத்தான் பண்ணச் சொல்லியிருக்காங்க. நான் போய் ஒரு டீ போட்டுக் குடிச்சுட்டு வந்து பண்றேன் சார். நான் டீ கொஞ்சம் மெதுவாத்தான் குடிப்பேன்” என்றான். நல்ல பையன், அதற்குள்தான் அவனால் நல்லவனாக இருக்க முடியும், ஒரு டீக்குள். தணிகாசலம் திரையைப் பார்த்தார். பட்டியல் இன்னும் திறந்திருந்தது. எத்தனை பேருக்குப் பேச முடியும், யாருக்கு எப்போது ஊசி, யாருக்கு எந்த மாத்திரை, யாருடைய ரத்தம் யார் பெயரில், மேலே போவதா கீழே போவதா என்று விரல் சுழன்றது, யோசிக்கிற ஒவ்வொரு வினாடியும் அங்கே டீ ஆறிக்கொண்டிருக்கிறது, மற்றவர்களுக்கு நாள் இருக்கலாம், இவளுக்குத்தான் நாளை, சகாயமேரியின் நம்பரைப் போனில் அடித்தார். அடித்து முடிப்பதற்குள் மனசு, என்ன சொல்வாய், ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்றா, நீ இப்போது ஆஸ்பத்திரி இல்லையே, என்று காலைத் தடுக்கியது. நான்கைந்து மணியடித்து ஒரு கிழவர் எடுத்தார், ஆடு கத்துகிற சத்தம். “சகாயமேரி இருக்காங்களா, மூத்தவங்க, நாளைக்கு ஆபரேஷனுக்கு வர்றவங்க?” “நீங்க யாரு பேசறது?” “அவங்க உடம்பு விஷயம் ஐயா, அவசரம்.” டேய் சூசை, உம் பொண்டாட்டியக் கூப்புடு என்ற குரல், ஓட்டம், பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் குரல். “சொல்லுங்க சார்.” அவர் சொன்னார், அம்மா, உங்களுக்குப் பெனிசிலின் ஊசி ஒத்துக்காதுல்ல, அது நாளைக்குக் கம்ப்யூட்டர்ல இருக்காது, அழிஞ்சு போச்சு, நீங்கதான் வாயால சொல்லணும், மயக்க டாக்டர்கிட்ட, நர்ஸ்கிட்ட, எல்லார்கிட்டயும். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது, சந்தோஷமில்லாத, பழகிப்போன சிரிப்பு. “நான் எப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கேன். போன தடவை நெஞ்சு வலின்னு வந்தப்பயும் சொன்னேன். இரும்மா, கம்ப்யூட்டர்ல இருக்கான்னு பாக்குறேன்னாங்க. இருந்துச்சு, விட்டாங்க. இல்லாட்டி எஞ் சொல்லை யாரு எடுப்பா? படிக்காதவ பயந்துக்கிட்டுச் சொல்றான்னுவாங்க.” அவள் சொல்வதற்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் தான் சொல்வதற்கும், கட்டத்துக்கு வெளியே நிற்கிறவர்கள் இரண்டு பேர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். “நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரில இருப்பீங்கள்ல சார்? நீங்க சொன்னா கேப்பாங்கள்ல?” என்று அவள் கேட்டாள். கேட்பார்களா. எந்த வாசல் வழியாக உள்ளே போவது, பார்வையாளர் நேரம் சாயங்காலம், அறுவை அறைப் பக்கம் யாரை விடுவார்கள், நோயாளிக்கு ஒரு துணையை விடுவார்கள். “இருப்பேம்மா. காலைல நீங்க வர்றப்ப வாசல்ல நிப்பேன். உங்க கூட வந்தவர்னு சொல்லி என்னைய உள்ள கூட்டிட்டுப் போங்க.” “என்ன ஒறவுன்னு எழுதச் சொல்லுவாங்களே சார்.” “அண்ணன்னு எழுதுங்க.” அவள் தயங்கினாள், கிழவரிடம் என்னவோ சொன்னாள், பிறகு, “ஒங்க பேரு?” என்று கேட்டாள். அவர் பெயரைச் சொல்லத் திரும்பினபோது திரை வெளுத்து, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற இரண்டு காலிக் கட்டங்களாக நின்றது. ரேவந்த் டீயைக் குடித்துவிட்டான். பழக்கத்தில் கை தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தது, அப்படி ஒருவர் இல்லை என்று வந்தது. அந்தப் பட்டியலில் சகாயமேரிக்கு மேலே யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தார், கீழே யார், முசிறிக்காரர் ஒருவர் இருந்தாரா, ஒரு குழந்தையின் பெயர் கண்ணில் பட்டதே அது என்ன பெயர், ஒன்றும் வரவில்லை, இனி ஒருபோதும் வராது. “சார், லைன்ல இருக்கீங்களா, பேரு கேட்டேனே” என்றாள் அவள். “தணிகாசலம்” என்றார். “எழுதிக்கம்மா, தணிகாசலம்.”